அடுப்பில்லாத ஆறு போர்ஷன்களும் என் யூனிட் கணக்கும்

இன்னொருவர் வீட்டில் மாதம் எவ்வளவு கரண்ட் ஆகும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஜோசியக்காரனுக்காவது சொன்னது பலிக்காவிட்டால் கிரகத்தின் மேல் பழி போட வழி உண்டு, எனக்கு அதுவும் இல்லை. மாதாமாதம் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரு லைட்டை அணைக்காம உட்டது?" என்று வீட்டாரை முறைக்கிற உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

திருத்தணி மதராஸ் பக்கமும் சத்தியவேடு ஆந்திரா பக்கமும் போய், எல்லைத் தகராறு ஒருவழியாக முடிந்திருந்த சமயம். புத்தூர்க்காரனான நான் திருப்பதியில் ஒரு எலக்ட்ரிக் கடையில் எஸ்டிமேட் எழுதிக்கொண்டிருந்தேன். நகரியில் தறி வைத்திருந்த முதலியார் ஒருவர், திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆறு சின்னப் போர்ஷன்கள் கட்டினார். ஒன்றிலும் விறகு அடுப்பு கிடையாது. சுவர் கரியாகக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். சமையல், வெந்நீர், இஸ்திரி எல்லாமே கரண்ட்தான். ஊருக்கே அது புதுசு. குடிவருகிறவர்கள் பயந்து ஓடிவிடாமல் இருக்க, ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து விசாரித்து, மாதம் எத்தனை யூனிட் ஆகும் என்று சீட்டு எழுதித் தர என்னை அனுப்பினார் எங்கள் கடை முதலாளி.

எரிந்ததற்கு அடையாளம்

முதல் போர்ஷனுக்கு வந்தவன் கல்யாணமாகி மூன்று மாதமான பையன், லாரி ஆபீஸில் வேலை. அவனுடைய அப்பா வீட்டைப் பார்க்கப் பாலசமுத்திரத்திலிருந்து வந்திருந்தார். வேர்க்கடலை பயிரிடுகிறவர். நான் என் பாடத்தை ஒப்பித்தேன். ஆயிரம் வாட் அடுப்பு ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். அதே ஒரு யூனிட்டில் நாற்பது வாட் பல்பு இருபத்தைந்து மணி நேரம் எரியும். அதனால் பல்புக்குப் பயப்படாதீர்கள், அடுப்புக்குப் பயப்படுங்கள்.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அடுப்பைப் போடச் சொல்லி, கம்பிச்சுருள் சிவப்பதைப் பார்த்தார். அணைக்கச் சொன்னார். ஆறியதும் அடுப்பைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. மீட்டரைக் காட்டினேன். சக்கரம் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மகனை விட்டு என்னிடம் திரும்பினார்.

"வெறகுன்னா எவ்ளோ எரிஞ்சுதுன்னு சாம்பலைப் பார்த்து சொல்லிடுவேன். இதுல நீ சொல்றதை நம்பணும், அந்தச் சக்கரம் சொல்றதை நம்பணும். இத்தினி பேரை நம்பி சோறாக்கணுமா?"

மலைக்குப் போகிறவர்கள்

இரண்டாம் போர்ஷனில், நாயுடுபேட்டையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குமாஸ்தா. கணவன், மனைவி, இரண்டு பெண்கள். நாலு பேருக்கு எழுபத்தைந்து யூனிட் என்று எழுதிக் கொடுத்தேன். முதல் மாதம் நூற்று அறுபது வந்தது. மீட்டரில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, டெஸ்டரும் கையுமாகப் போனேன்.

கதவைத் திறந்ததும் கோளாறு தெரிந்துவிட்டது. நடையில் ஏழெட்டுத் துணிப்பைகள். கூடத்தில் சந்தனம் தடவிய ஐந்து மொட்டைத் தலைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. குளியலறை வாசலில் இன்னும் மூன்று பேர் துண்டோடு காத்திருந்தார்கள். உள்ளே வெந்நீர்க் கம்பி ஓய்வில்லாமல் வாளியில் கிடந்தது. இவர்கள் குண்டூரிலிருந்து வந்தவர்கள், போன வாரம் வேலூர் பெரியம்மா வீட்டார், அடுத்த வாரம் யாரென்று இன்னும் கடிதம் வரவில்லை. அன்றிலிருந்து திருப்பதிக்கு நான் எழுதும் எல்லாச் சீட்டிலும் 'விருந்தாளி' என்று தனியாக ஒரு வரி சேர்த்தேன். அந்த வீட்டம்மாள் எனக்கும் ஒரு லட்டுத் துண்டைக் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"பெருமாளு மலையை உட்டு எறங்குற வரைக்கும் எங்க பில்லும் எறங்காது நைனா."

இரண்டு சீட்டுகள்

மூன்றாம் போர்ஷன் கேட்டு வந்த ஏகாம்பரம் தாலுகா ஆபீஸ்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். அவர் மனைவி திருத்தணியில் பள்ளிக்கூட ஆசிரியை. அதுவரை இரண்டு ஊருமே சித்தூர் ஜில்லா. இவருக்கு மாற்றல் வந்தால் அந்த அம்மாவும் பின்னாலேயே மாற்றல் கேட்டு வந்துவிடுவார். எல்லை பிரித்ததும் அவருடைய பள்ளிக்கூடம் மதராஸ் பக்கம் போய்விட்டது, இவருடைய ஆபீஸ் ஆந்திராவில் நின்றுவிட்டது. பென்ஷனுக்கு இன்னும் வருஷங்கள் இருந்ததால் இருவராலும் வேலையை விட முடியவில்லை.

"ஒருத்தருக்கு ஒண்ணு, ரெண்டு பேருக்கு ஒண்ணு, தனித்தனியா எழுதிக் குடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். சீட்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பத்து யூனிட்தான் வித்தியாசமா? நெறய இருக்கும்னு நெனச்சேன்யா" என்றார். இரண்டாம் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கோடை லீவு முடிந்த பிறகு ஒருநாள் கடைக்கு வந்தார். எங்களிடம் பில்லோடு வருகிறவர்கள் சண்டைக்குத்தான் வருவார்கள். நான் எழுந்து நின்றேன். அவரோ பில்லை மேஜையில் விரித்து, பக்கத்தில் அந்தச் சீட்டையும் வைத்தார். மடிப்பில் கிழிந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"இந்த மாசம் உன் ரெண்டாவது சீட்டுதான்யா கரெக்டா வந்துகீது."

நாலாம் போர்ஷன்

இது என்னால் மறக்க முடியாதது. அச்சாபீஸில் வேலை செய்த கோபாலின் மனைவி தனத்துக்கு, பழைய வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்து இடது கை முழுக்க வெந்துபோயிருந்தது. பல மாதம் ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு தீக்குச்சி கிழிக்கும் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலுக்கு ஓடிவிடுவாராம். வாடகை கட்டுப்படியாகாவிட்டாலும் கோபால் இந்த வீட்டுக்கு வந்தது அதனால்தான். அறுபது யூனிட் என்று எழுதிக் கொடுத்தேன். அதை நம்பித்தான் குடிவந்தார்.

வந்தது முந்நூற்றுச் சொச்சம். கோபால் கடைக்கு வந்து சத்தம் போடவில்லை. "அவளைத் திட்டிட்டேன். ரெண்டு நாளா பேசிக்கறதில்லை. இப்படியே போனா வீட்டைக் காலி பண்ணணும். நீங்க வந்து ஒரு தரம் பாருங்க" என்றார். மறுநாள் காலையிலேயே போய், சமையலறை வாசலில் நோட்டும் கையுமாக உட்கார்ந்தேன். கோபால் அடுப்பைப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார். ஒன்பதரைக்குச் சமையல் முடிந்தது. தனம் சாதத்தை இறக்கிவிட்டு, ஒரு பானைத் தண்ணீரை அடுப்பில் ஏற்றினார். பத்து மணி ஆயிற்று, பத்தரை ஆயிற்று, அடுப்பு சிவந்தபடியே இருந்தது.

"அணைக்கலையாம்மா?"

"அவரு சாயங்காலம் வந்து அணைப்பாரு."

நான் எழுந்து சுவிட்சுக்குப் போனேன். அவர் பதறி, "வேணாண்ணா!" என்று கத்தினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவிட்ச் பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு மேலே இருந்தது. மரப்பலகை ஊறிப் போய், பித்தளை மூடிக்குக் கரண்ட் கசிந்திருந்தது. காய்ந்த கையோடு வந்து தொடுகிற கோபாலுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஈரத்தரையில் ஈரக்கையோடு நிற்கிறவருக்கு மட்டும் அடித்திருக்கிறது. என் புறங்கையை நனைத்துத் தொட்டுப் பார்த்தேன். தோள் வரைக்கும் உதறியது.

அந்த வீட்டு வயரிங்கும் எங்கள் கடைதான்; இரண்டு கெஜம் வயர் மிச்சமாகும் என்று சுவிட்சை அந்த இடத்தில் வைக்கச் சொன்னவனே நான்தான். மெயினை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மத்தியானத்துக்குள் வயர்மேனைக் கூட்டிவந்து, தொட்டிக்கு எதிர்ச்சுவரில் பீங்கான் மூடி போட்ட சுவிட்ச் வைத்தோம். தனம் கையைத் துடைத்துக்கொண்டு, நாலு தரம் போட்டு நாலு தரம் அணைத்துப் பார்த்தார். மாலையில் கோபால் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் மனைவியின் பக்கம் திரும்பி, "ஏன் எங்கிட்ட சொல்லலே?" என்று கேட்டார். தனம் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"ஷாக் அடிக்குதுன்னு சொன்னா கரண்டே வேணாம்னுடுவாரு. மறுபடியும் தீக்குச்சி கிழிக்க என்னால ஆவாதுண்ணா. அதான் சாயங்காலம் அவரு வந்தா வெந்நீர் இப்பதான் வெச்சேன்னு சொல்லிக்கலாம், எரிஞ்சிக்கினு கெடக்கட்டும்னு உட்டுட்டேன்."

இப்போதெல்லாம் யார் எஸ்டிமேட் கேட்டாலும் பென்சிலை எடுப்பதற்கு முன் அவர்கள் சமையலறையில் அரை நாள் உட்கார்ந்துவிடுகிறேன்; நான் குடிக்கிற காபிக்கு ஆகும் கரண்டை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை.