வீட்டுக்காரர் மாட்டிய வெளிச்சம்

செல்போன் பழுதுபார்க்கும் கடையில் ஈயம் உருக்கும் புகை மூக்கில் ஏறினால் போதும், நாகல் நகர் வீட்டுக்காரர் மேல் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

மாடியில் அவர், கீழே வாடகைக்கு நாங்கள். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. டார்ச்சுகளின் கனத்தில் தொங்கிப்போன சட்டைப்பை. எதிரே யார் வந்தாலும், பட்டப்பகலிலும், முகத்துக்கு நேரே ஒன்றை அடித்து, "எப்பிடி, சூரியன் மாதிரி இல்ல?" என்பார்.

எல்இடி புதிதாக வந்த காலம். தானே ஈயம் வைத்துப் பற்றவைத்து, பேட்டரியில் எரியும்படி செய்த நீலவெள்ளைச் சரமொன்றை எங்கள் சன்னலுக்கு நேரே மாட்டினார். என் மனைவிக்கு ஒற்றைத் தலைவலி. ஈரத்துண்டால் கண்ணைக் கட்டிப் படுத்தாலும் அந்த வெளிச்சம் ஊசியாக இறங்கி அவளை வாந்தியெடுக்க வைத்தது.

"அண்ணே, அதை மட்டும் அணைச்சிருங்க."

"கரண்டு இல்லாம ஊரே இருட்டுல கெடக்கு. ஒங்களுக்குச் சும்மா வெளிச்சம் குடுத்தா கசக்குதோ?"

மறுநாள் இன்னொரு சரம் ஏறியது. அன்று பொழுது சாய்ந்ததும் அவள் வலி தாங்காமல் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாள். வீட்டைக் காலி செய்கிறோம் என்று கத்துவதற்காக முதன்முறையாக அவர் அறைக்குள் நுழைந்தேன்.

விட்டத்தில் அதே பேட்டரியில் எரியும் ஒரே ஒரு குண்டு பல்பு, நெய் மாதிரி மஞ்சளாக. அதனடியில் அவர் நிம்மதியாக இட்லி தின்றுகொண்டிருந்தார்.

"இங்க மட்டும் ஏண்ணே குண்டு பல்பு?"

அவர் முகத்தில் கேலி இல்லை, வெட்கமும் இல்லை. அதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இட்லியைச் சட்னியில் தோய்த்தபடி சொன்னார்:

"அந்த வெள்ளை வெளிச்சத்துல மனுசன் இருக்க முடியுமா தம்பி?"