எனக்காகப் பதில் சொன்னவள்

"கூப்பிட்டா ஒரு குரல் குடுக்க மாட்டியா? வாயில என்ன, பூட்டா போட்டிருக்கு?"

அந்த விடுதியில் அறை பெருக்கும் அம்மா என்னைக் கேட்ட கேள்வி இது. அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. போலீஸ்காரரிடம் எழுதிக்கொடுத்ததையேதான் இங்கேயும் எழுதுகிறேன். அங்கே யாரும் நம்பவில்லை. ஆனால் நடந்தது இதுதான்.

பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து அக்கா வீட்டில்தான் இருந்தேன். விடுமுறைக்கு நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போனோம். நகரத்துக்குள் தங்காமல், அரை மணி நேரம் தள்ளி, வயல் நடுவே இருந்த விடுதியில் மாமா அறை எடுத்தார். பழைய தானியக் கிடங்கு அது. தடுத்து அறைகளாக்கியிருந்தார்கள். கூரையில் வைக்கோல். அரிக்கேன் விளக்குக்குள் பல்பு.

"காசு குடுத்துக் கஷ்டப்பட வந்திருக்கோம்," என்றார் மாமா.

எனக்கும் அக்கா மகள் குட்டிக்கும் கடைசி அறை. குட்டிக்கு ஐந்து வயது. அந்த வீட்டில் என்னைத் தேடுகிற ஒரே ஜீவன். என் பாவாடை நுனியைப் பிடிக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது.

கிடங்கு என்பதால் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான். ஆட்கள் வெளியே கிளம்பினால், குரங்கு நுழையாமலிருக்க அந்த அம்மா தாழ் போடுவார். "வெளிய வந்தாச்சு" என்று யாராவது சொல்லும்வரை தாழில் கை வைக்க மாட்டார்.

அன்று சாயங்காலம் வண்ண நீரூற்று பார்க்கப் போவதாக இருந்தது. நான் குளியலறையில் குட்டியின் சட்டையை அலசிக்கொண்டிருந்தேன். ஹாரன் அடித்தது.

"எல்லாரும் வெளிய வந்தாச்சா?" கதவுக்கு வெளியே அந்த அம்மா கேட்டார்.

பதில் தொண்டைவரை வந்தது. வழக்கம்போல் அங்கேயே நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

"வந்துட்டேம்மா. தாழ் போட்டுக்கோங்க."

என் குரல்.

என் வாய் மூடியிருந்தது...

டக்.

கதவு இடுக்கில் கண்ணை வைத்தேன். வாசலில் விட்டிருந்த என் செருப்பு இல்லை.

"சித்தி, என் பக்கத்துல உக்காரு!" குட்டி சிரித்தாள்.

கூடவே இன்னொரு சிரிப்பு.

வண்டி போய்விட்டது.

கதவைத் தட்டினேன். கத்தப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. இருட்டியது. பல்பு எரியவில்லை. கதவின் அடிப்பலகையில் கை பட்டது. முழுக்கக் கீறல். தரையில் கிடந்தால் கை எட்டும் உயரத்தில்...

ஒரு கீறலுக்குள் ஏதோ குத்தியது. உருவினேன்.

நகம்.

ஒன்பது மணிக்கு வண்டி திரும்பியது. தாழ் விலகியது. என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவின் கையிலிருந்த டார்ச் கீழே விழுந்து அணைந்தது.

பின்னாலேயே அக்கா வந்தாள். "இப்பத்தானே இறங்கின. அதுக்குள்ள மூஞ்சியத் தூக்கிட்டியா? இன்னிக்குத்தான் மனுஷி மாதிரி சிரிச்சுப் பேசினே."

"நாளைக்கும் அப்படியே இரு," என்றார் மாமா.

வாசலில் என் செருப்பு இருந்தது. நீரூற்றுத் தண்ணீர் சொட்டியது.

அவர்கள் போனதும் அந்த அம்மா மெதுவாகப் பேசினார்.

"போன மழைக்கு இதே ரூமுக்கு ஒரு பொண்ணு வந்துச்சு. உன்ன மாதிரிதான், கூப்பிட்டா பேசாது. ஆள் இல்லன்னு தாழ் போட்டுட்டேன். அவங்க வந்தது ரெண்டு வண்டியில. இவங்க வண்டியில இல்லன்னா அவங்க வண்டியில இருக்கும்னு விட்டுட்டாங்க. நாலு நாள் யாரும் தேடல. தேடி வந்தவங்க என்ன கேட்டாங்க தெரியுமா? 'வாயத் திறந்து கூப்பிட்டிருக்கலாம்ல?'"

வேறு விளக்கு எடுத்துவரப் போனார்.

குட்டி தலையணையோடு வாசலில் வந்து நின்றாள். என் முகத்தையே பார்த்தாள்.

"பேசுற சித்தி எங்க?"

நான்தாண்டி உன் சித்தி. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். தொண்டைவரை வந்தது...

முற்றத்து இருட்டிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"குட்டி..."

என் குரல்.

அவள் முகம் மலர்ந்தது. திரும்பினாள். பாய்ந்தேன்.

கதவு சாத்திக்கொண்டது.

டக்.

இடுக்கில் பார்த்தேன். ஈரச் செருப்பு போட்ட யாரோ ஒருத்தியின் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு குட்டி நடந்தாள்.

திரும்பியும் பார்க்கவில்லை.