ஒழுகும் குழாயும் தாயம்மாவும்

தாயம்மா குழாயின் இணைப்பைச் சாக்குத்துணியால் சுற்றிக்கொண்டிருக்கிறாள். இறுக்கிக் கட்டுவாள், கால் கட்டைவிரலைச் சேற்றில் அழுத்தி ஈரம் பார்ப்பாள், திருப்தியில்லாமல் மறுபடி தளர்த்துவாள். காலையில் பல் விளக்குவதற்கு முன்பே இந்த வேலை முடிந்தாக வேண்டும்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால், ஏதோ ஒரு கம்பெனிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் அந்தக் குழாய் ஒழுகுவதால்தான் அங்கே ஒரு புல்வெளி இருக்கிறது. சுற்றிலும் உப்பு மண். ஒழுக்கு கூடினால் நீர் தேங்கிக் கோரை மண்டிவிடும். குறைந்தால் உப்பு மேலேறி, மாடு வாய்வைக்காத உப்புச்செடியான உமரி செக்கச்செவேலென்று படர்ந்துவிடும். மண் நசநசவென்று ஈரமாக மட்டும் இருந்தால்தான் அருகம்புல் தழைக்கும், ஓரத்தில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் தலைகாட்டும். தாயம்மாவின் இரண்டு எருமைகளும் அந்த அருகை நம்பித்தான் மார்க்கெட் டீக்கடைக்குப் பால் கறக்கின்றன. வைக்கோல் வாங்கிப் போட்டால் அவளுக்குக் கட்டுப்படியாகாது.

செடிகளை அவள் குடித்தனக்காரர்களைப் போல நடத்துவாள். கோரையைப் பிடுங்கும்போது, "இன்னாடா, எடம் குட்த்தா வூட்டையே புட்சிக்குவியா?" என்று அதட்டுவாள். அருகைக் கண்டால் குரல் இளகும். உமரியோடு பேச்சுவார்த்தையே கிடையாது; எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

2001 சித்திரையில் அவளுக்கு ஆசை மிஞ்சிவிட்டது. புல் இன்னும் வளரட்டும் என்று சாக்கை அவிழ்த்துவிட்டுத் தண்டையார்பேட்டைக்குக் கல்யாணத்துக்குப் போனாள். திரும்பி வந்தபோது தண்ணீர் சாலையைத் தொட்டிருந்தது. கம்பி ஏற்றிய லாரி ஒன்று அச்சுவரை சேற்றில் புதைந்து நின்றது. மறுநாளே கம்பெனியின் குழாய் ஃபிட்டர் சைமன் ஸ்பேனரோடு வந்துவிட்டான்.

"ஆர்டர் வந்துகீதுக்கா. நான் இன்னா பண்றது?"

"லாரி மாட்னா லாரியத் தூக்கு. என் புல்லு உன்ன இன்னா பண்ச்சு?"

சைமன் சிரித்துக்கொண்டே இணைப்பை முறுக்கி அடைத்துவிட்டுப் போனான்.

கொஞ்ச நாளில் நிலம் வெளுத்தது. அருகு மஞ்சளாகிச் சுருண்டது. அழைக்காமலே உமரி உள்ளே வந்தது. எருமைகள் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தாயம்மாவைப் பார்த்தன. பால் பாதியாயிற்று.

அடுத்த முறை சைமன் குழாயைப் பார்க்க வந்தபோது, பெரிய எருமை குழாயிலேயே கட்டப்பட்டிருந்தது. இணைப்பை நக்கிக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா கலாட்டா இது? மாட்ட அவுரு."

"நீதான நைனா முறுக்குன? நீயே அதாண்ட ஞாயம் சொல்லிக்க."

"சும்மா இருக்கா. டீ வேற இப்பல்லாம் கய்வுன தண்ணி மாரி கீது. அந்த பேஜாரு எனக்கு."

"பாலு எங்கேந்து வர்தாம்? உன் ஸ்பேனர்லேந்தா?"

சைமன் எருமையைப் பார்த்தான். வெளுத்த தரையைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"மறுபடி ரோட்டுக்குத் தண்ணி வந்துச்சுன்னா, என் வேல பூடும்க்கா."

"வராது. சாக்கு என் பொறுப்பு. இனிமே கல்யாணத்துக்கும் போவல, கருமாதிக்கும் போவல."

அவன் எருமையின் முகத்தை ஒருபக்கமாகத் தள்ளிவிட்டு ஸ்பேனரை மாட்டினான். முதல் சொட்டு விழுந்தது. தாயம்மா செருப்பை உதறி, கட்டைவிரலை மண்ணில் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டாள். இடது கையில் சாக்குத்துணி தயாராக இருந்தது. வலது கை மட்டும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காற்றில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.