தேசிக்காயை நான் வாங்கவில்லை

எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் சாதாரண தரச் சோதனை வரைக்கும் படித்தவள். குளிசைப் பைகளில் காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதுவதைத் தவிர எனக்கு வேறு எழுத்து வேலை இல்லை. நாலு பேருக்கு முன்னால் கதைக்கவே கூச்சப்படுகிறவள். ஆனால் இந்த விசயத்தை வாயால் சொல்ல வெளிக்கிட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. எழுதினால் முடியும் வரைக்கும் போகும் என்று நினைக்கிறேன்.

நான் வேலை செய்வது திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகிற வீதியில் ஒரு சின்ன மருந்துக்கடையில். என் முன்பற்கள் வெளியே தள்ளியவை. சின்ன வயதிலிருந்தே கதைக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். அதனால் கடையிலும் நான் பின்னுக்கு, ராக்கைகளுக்குள் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். முன்னுக்கு நின்று ஆட்களோடு கதைப்பது முதலாளியின் மனைவி. கொரோனா வந்தவுடன் அவ பயத்தில் வீட்டோடு நின்றுவிட்டா. முன்னுக்கு நிற்க நான்தான் மிஞ்சினேன்.

மாஸ்க் போட்டுக்கொண்டு நின்ற முதல் கிழமையே எனக்கு அது பிடித்துவிட்டது. பல் தெரியவில்லை, வாய் தெரியவில்லை. என் குரல் மட்டும் வெளியே போனது, அதை ஆட்களும் கேட்டார்கள். தள்ளி நில்லுங்கோ, மூக்கை மூடுங்கோ, மருந்துத் துண்டைக் கூடைக்குள் போடுங்கோ என்று நான் அதட்ட, கடலுக்குப் போகிற பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் கேட்டு நடந்தார்கள். அவர்களில் ஒருவர் தந்த நீல நைலோன் கயிற்றைத்தான் கடை வாசலுக்குக் குறுக்கே கட்டியிருந்தோம். வைத்தியர் எழுதின துண்டைக் கூடையில் போட்டால் நான் தடியால் கூடையை இழுத்து எடுப்பேன். யாராவது இருமினால் ஓரடி பின்னுக்குப் போவேன். முதலில் யோசித்துச் செய்தது, பிறகு கால் தன்பாட்டில் செய்தது. ஒருநாள் வீட்டில் என் மனுசன் சாப்பிடும்போது புரைக்கேறி இருமினார். நான் எழும்பிப் பின்னுக்குப் போய் நின்றேன். "என்னையும் கயித்துக்கு அங்கால விடப்போறியோ" என்று கேட்டார். அவருக்குத் தொய்வு. மூச்சு இழுக்கும். அவருக்காகத்தான் நான் இவ்வளவு கவனம் என்று எல்லாரிடமும் சொல்வேன். அது முழுப் பொய்யும் இல்லை.

இனி மாஸ்க் கட்டாயம் இல்லை என்று அறிவித்த கிழமை நான் திடுக்கிட்டபடியே இருந்தேன். இரண்டு வருடம் கண்ணை மட்டும் பார்த்த ஆட்கள் முழு முகத்தோடு வந்து நின்றார்கள். நான் தங்கச்சி என்று கூப்பிட்ட ஒருத்திக்குக் கட்டுப்பல். கண்ணைப் பார்த்து முரட்டு ஆள் என்று நினைத்திருந்த கிண்ணியா வியாபாரி ஒருவருக்குக் குழந்தைப் பிள்ளையின் வாய். என்னை அறியாமல் ஒவ்வொருவருக்கும் நானே ஒரு முகம் செய்து வைத்திருந்திருக்கிறேன், அதில் ஒன்றும் சரியில்லை. நான் கூடையை இழுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்க, அந்த வியாபாரி சொன்னார், "நீங்களும் கழட்டுங்கோ பிள்ளை, ஆர் கூடுதலாப் பயப்பிடுறது எண்டு பாப்பம்." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கழற்றவில்லை. கயிற்றை அவிழ்க்கவும் விடவில்லை.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா இல்லாத வீட்டில் எனக்குச் சோறு தீத்தி, தலை இழுத்துப் பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பியது என்னைவிட ஒன்பது வயது மூத்த அக்காதான். கலியாணம் முடித்து வெருகலுக்குப் போனா. பிள்ளைகள் இல்லை. அத்தான் செத்த பிறகு அங்கே தனியாக இருக்கிறா. முந்தி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய் வருவேன். கொரோனாவோடு அது நின்றது. முதலில் பாதை பூட்டு, பாஸ் வேண்டும். பிறகு மனுசனின் தொய்வு. பிறகு பெற்றோல் இல்லை, பஸ் இல்லை. இவை எல்லாம் உண்மைக் காரணங்கள். ஆனால் கடைசி ஐந்து மாதம் ஒரு காரணமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நான் பஸ் இல்லை அக்கா என்று சொன்னேன். வெருகலால் போகிற மட்டக்களப்பு பஸ் ஓடிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகத் தெரியும். ஆட்களோடு முட்டிக்கொண்டு இருக்கப் பயம். கயிறு இல்லாத இடத்துக்குப் போகப் பயம்.

அந்த மாதங்களில் அக்காவின் குரல் அடைத்துப் போயிருந்தது. கேட்டால் தடிமன் என்பா. டெஸ்ட் எடுத்தீங்களா என்று கேட்டேன். நான் கேட்டது அக்காவுக்காக இல்லை, போகாமல் இருக்க இன்னொரு காரணம் கிடைக்குமா என்று. அவவுக்கு அது விளங்கியிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னா, "வர விருப்பம் இல்லாட்டி வராத. பஸ்ஸைக் குறை சொல்லாத." அதற்குப் பிறகு மூன்று கிழமை என் போனை எடுக்கவில்லை. அக்கா என்னைக் கைவிட்டுவிட்டா என்று நினைத்தேன். எனக்கு அவவை விட்டால் வேறு ஆள் இல்லை. நாலாவது கிழமை, ஒரு புதன்கிழமை, அரைநாள் லீவு கேட்டு, சொல்லாமல் புறப்பட்டேன். ஒரு பால்மாப் பெட்டியும் விசுக்கோத்தும் வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. இரண்டு மாஸ்க், ஒன்றுக்கு மேல் ஒன்று போட்டிருந்தேன். மற்றவர்களில் நாலைந்து பேர்தான் மாஸ்க் போட்டிருந்தார்கள். புறப்படப் போகிற நேரம் ஒரு மெலிந்த அம்மா ஏறினா. சேலைத் தலைப்பால் தலையை மூடி, கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டிருந்தா. என் இருக்கைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றா. பிறகு இருந்து, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டா. மாஸ்க் போட்ட ஒருவர் பக்கத்தில் வந்ததில் எனக்கு நிம்மதி. நான் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன். யாரையும் நேரே பார்க்கிற பழக்கம் எனக்கு முன்பும் இல்லை.

கிண்ணியாப் பாலம் தாண்ட அவ இருமத் தொடங்கினா. வறட்டு இருமல், நிற்காத இருமல். நான் யன்னலோடு ஒட்டிக்கொண்டேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பஸ்ஸில் தலை சுற்றிச் சத்தி வரும். இரண்டு மாஸ்க்குக்குள் அது இன்னும் கூடியது. கண்ணை மூடிக்கொண்டு இருந்தபோது கையில் ஏதோ பட்டது. திறந்து பார்த்தேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒரு தேசிக்காயை நீட்டிக்கொண்டிருந்தா, சத்தி அடங்க அந்தப் புளிமணத்தை மணந்து பார்க்க. நல்ல மனுசி என்று நினைத்தேன். அடுத்த நொடி, இந்தக் கையால்தானே வாயைப் பொத்தி இருமினா என்று நினைத்தேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அவ உடனே கையை எடுக்கவில்லை. கொஞ்சத் தூரம் நீட்டியபடியே வந்தா. பிறகு பைக்குள் வைத்துவிட்டா.

மூதூரில் கனபேர் இறங்கினார்கள். முன்னுக்கு, சாரதிக்குப் பின்னால் ஒரு இடம் வெறுமையானது. அவ திரும்பவும் இருமினா. நான் எழும்பினேன். அவ முழங்காலை ஒதுக்கி வழி விட்டா. நான் அவவின் முகத்தைப் பார்க்கவில்லை. முன்னுக்குப் போய் இருந்து, பையிலிருந்த மருந்தால் இரண்டு கையையும் நன்றாகத் துடைத்தேன். பிறகுதான் மூச்சு வந்தது. வெருகலில் முன்கதவால் இறங்கி, நின்ற ஓட்டோவில் ஏறிப் போய்விட்டேன். பின்கதவால் யார் இறங்கினார்கள் என்று பார்க்கவில்லை.

அக்காவின் வீடு பூட்டியிருந்தது. வேலிக்கு அங்காலிருந்து பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, என்னை அடையாளம் கண்டு, நீங்கள் ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டா. அக்கா காலையில் திருகோணமலைக்குக் கிளினிக் போனவ என்றும், இன்று வாட்டில் மறித்துப் படுக்க வைப்பார்கள் என்றும், தங்கச்சி துணைக்கு வாட்டில் நிற்பாள் என்று சொல்லிவிட்டுத்தான் போனவ என்றும் சொன்னா. எந்தக் கிளினிக் என்று கேட்டேன். அவ என் முகத்தைப் பார்த்து, கழுத்தைத் தொட்டுக் காட்டினா. அங்கே போவது இது நாலாவது தடவையாம். மருந்துக்கடையில் நிற்கிறவள் நான்.

படலையடியில் ஆள் வரும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் வந்த அம்மா வந்துகொண்டிருந்தா. இவ ஏன் எனக்குப் பின்னால் இங்கே வாறா என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையாக அப்படித்தான் நினைத்தேன். அவவின் கையில் எக்ஸ்ரே போடுகிற பெரிய கடித உறை இருந்தது. என்னைத் தாண்டி வந்து, பைக்குள் கையை விட்டுத் திறப்பை எடுத்து, மாஸ்க்கைக் கீழே இறக்கினா.

முகம் பாதியாகப் போயிருந்தது. கழுத்தில் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

"எப்ப வந்தனி?" என்று அக்கா கேட்டா. ஒரே பஸ்ஸில் வராத மாதிரி.

"அக்கா, நான் காணேல்லை."

"நான் கண்டனான். ஏறினவுடனயே."

அப்போது ஏன் கதைக்கவில்லை என்று கேட்டேன். கதைத்தால் கிளினிக் என்று சொல்ல வேண்டி வரும், சொன்னால் நீ பஸ்ஸிலேயே அழுவாய், சத்தியும் எடுப்பாய் என்றா. அடைத்த குரல், ஆனால் அந்த நக்கல் அப்படியே இருந்தது. பிறகு பூட்டைத் திறந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னா:

"நீ எழும்பிப் போகேக்க, என்னைக் கண்டிட்டாய் எண்டு நினைச்சன். கண்டிட்டுத்தான் போறாய் எண்டு."

பால்மாப் பெட்டியைப் பிடித்தபடி நின்றேன். மூதூரிலிருந்து வெருகல் வரைக்கும் அக்கா என் பின்தலையைப் பார்த்துக்கொண்டு, அந்த நினைப்போடு வந்திருக்கிறா. நான் கையைத் துடைத்ததையும் பார்த்திருக்கிறா.

உள்ளே போனதும் அக்கா ஒரு கதிரையைத் தூக்கி வாசலோடு வைத்து, காத்து வாற இடத்தில இரு என்றா. தான் அடுப்படிப் பக்கம், குசினி வாசலில் போய் இருந்தா. எனக்கும் அவவுக்கும் நடுவில் முழு வீடும் இருந்தது. நான் கடையில் கயிறு கட்டியதுபோல, எனக்காக அவ தன் வீட்டில் கட்டிவிட்டா. அங்கே இருந்தபடியே மற்றதைச் சொன்னா. இன்று காலை கடைக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றாவாம். வாட்டில் நிற்க ஆள் வேண்டும் என்று சொல்லத்தான் வந்தது. நான் யாரோடோ கதைத்துச் சிரித்துக்கொண்டு நின்றேனாம்.

"நீ அப்பிடி ஆக்களோட கதைச்சு நான் என்ர சீவியத்தில காணேல்லை. பார்க்க நல்லா இருந்தது. பிறகு கயித்தைக் கண்டன். இருமலும் வந்தது. திரும்பிட்டன்."

ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் இல்லை என்று சொல்லி, ஆள் கிடைத்தவுடன் வாங்கோ என்று அவர்கள் சொல்ல, வாட்டில் நிற்காமல் பஸ் ஏறிவிட்டா. அந்தப் பஸ்ஸில் நான் இருந்திருக்கிறேன்.

நான் எழும்பிப் போய் அந்தத் தேசிக்காயைத் தாங்கோ என்று கேட்டேன். அக்கா பையைத் துழாவி எடுத்துத் தந்தா. வழியெல்லாம் பைக்குள் கிடந்து சூடாக இருந்தது. இரண்டு மாஸ்க்கையும் கழற்றிவிட்டு மணந்தேன். அக்கா என் முகத்தைக் கனநேரம் பார்த்தா.

"பல்லு அப்பிடியேதான் இருக்கு," என்றா.

"நான் வாட்டில நிக்கிறன் அக்கா."

"உனக்குக் கடை. அவருக்குத் தொய்வு."

"நான் நிக்கிறன்."

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தா, இருமல் வந்துவிட்டது. குனிந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினா. என் கால் ஓரடி பின்னுக்குப் போனது. அவ்வளவும் தெரிந்த பிறகும் போனது. அக்கா இருமிக்கொண்டே என் காலைப் பார்த்தா. நானும் பார்த்தேன், வேறு யாரோ ஒருத்தியின் காலைப் பார்ப்பதுபோல. பிறகு திரும்ப வந்து, அவவுக்குப் பக்கத்தில் குசினி நிலத்தில் இருந்து, முதுகைத் தடவினேன். முள்ளந்தண்டு ஒவ்வொன்றாகக் கையில் பட்டது. இருமல் நின்ற பிறகு, காலமை பஸ் ஐந்தரைக்கு, இப்பவே உடுப்பை எடுத்து வை என்று மட்டும் சொன்னா.

அடுத்த நாள் ஐந்தரை பஸ்ஸில் இரண்டு பேரும் திருகோணமலைக்குப் போனோம். எட்டரைக்கு அக்காவை வாட்டில் எடுத்தார்கள். அங்கே மாஸ்க் கட்டாயம் என்று தாதி சொன்னதால் இரண்டு பேரும் போட்டுக்கொண்டோம்.