மூன்றாவது தடவை மூடியபோது

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் செங் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில், வந்த சாமான் எத்தனை, போன சாமான் எத்தனை என்பதுதான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட மனைவியை முன்னால் விட்டுப் பின்னால் நடப்பவன். அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத வேண்டிய நேரத்தில் நான் எழுதாமல் விட்ட நான்கு வரியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அக்காவை நினைத்தால், மடிக்கணினியின் மூடியை மூடி, அதன்மேல் வலது உள்ளங்கையை வைத்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவளாகத்தான் முதலில் கண்ணுக்குத் தெரிகிறாள். இடது கையில், டயாலிசிஸ் ஊசி குத்தும் இடத்தில் நரம்பு கயிறுபோல் புடைத்திருக்கும். அந்தக் கையை மடியில் கிடத்தியிருப்பாள். இரண்டு நிமிடம் ஆனதும் மூடியைத் திறப்பாள். திரையில் வெளிச்சம் வந்தால் நோட்டுப் புத்தகத்தில் ஓகே என்று எழுதுவாள். வராவிட்டால் என்.ஜி. என்று எழுதுவாள். ஆகாத பொருளுக்கு அவள் தொழிற்சாலையில் அப்படித்தான் சொல்வார்கள். அவளுக்கு அந்தச் சொல் வீட்டுக்கும் வந்துவிட்டது. மீன் கெட்டிருந்தாலும் என்.ஜி., பார்க்க வந்த மாப்பிள்ளை சரியில்லை என்றாலும் என்.ஜி.

எங்கள் அப்பா ரப்பர் மரம் சீவியவர். கம்பெனி தோட்டத்தை விற்றபோது நாங்கள் புக்கிட் ரம்பாய்க்கு வந்தோம். அக்கா பதினெட்டு வயதில் அங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். இருபத்திரண்டு வருடம் ஒரே வேலை. பூதக்கண்ணாடி விளக்கின் கீழே பச்சைத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஈயம் சரியாக ஒட்டாத இடத்தைக் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். கல்யாணம் நடந்து இரண்டே வருடத்தில் முடிந்துபோனது. அதைப் பற்றி நாங்கள் யாரும் பேசுவதில்லை. பிறகு சிறுநீரகம் இரண்டும் போனது. வேலையை விட்டாள். அவள் விலகிய மாதம் தொழிற்சாலை அலுவலகத்தின் பழைய மடிக்கணினிகளைக் குலுக்கல் போட்டுத் தொழிலாளர்களுக்குக் கொடுத்தார்கள். அவளுக்கு இரண்டு விழுந்தன. ஒரே மாடல், ஒரே லாட்; ஒரே சமயத்தில் செய்து வந்தவை. ஒன்றை எனக்குத் தந்தாள்.

இரண்டிலும் உள்ளே ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். அங்கே வேலை செய்த டெக்னிஷன் ஒருவர் இலவசமாகக் கிடைக்கிறது என்று லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார். கணினியை ஓட்டுவதற்கு விண்டோஸ் இருக்கிறதே, அதுபோல இது ஒன்று. உலகத்தில் பல ஊர்களில் இருப்பவர்கள் சேர்ந்து செய்கிறார்கள். புதிய பதிப்பு வெளிவருவதற்குப் பல மாதம் முன்பே, அரைவேக்காடாக இருக்கும்போதே, அன்றன்று செய்ததை இணையத்தில் போட்டுவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் வீட்டில் ஏற்றிப் பார்த்துப் பழுது இருந்தால் எழுதலாம். முக்கியமான வேலைக்கு இதை நம்பாதீர்கள் என்று முதலிலேயே எச்சரிக்கையும் இருக்கும். டெக்னிஷன் பேச்சுவாக்கில் சொன்ன இந்த விஷயம் அக்காவுக்குப் பிடித்துக்கொண்டது.

“பழுது பாத்து சொல்லணுமாம் தம்பி. இருவத்திரெண்டு வருசமா நான் வேற என்னா செஞ்சேன்?” என்றாள்.

செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். மற்ற நாளெல்லாம் அவளுக்கு இதுதான். காலையில் பசியாறிவிட்டு அன்றைய பதிப்பை இறக்கி, பென்டிரைவில் ஏற்றி, கணினியில் இருப்பதை அழித்துப் புதிதாகப் போடுவாள். பிறகு நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்புவாள். ஒலி வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, மூடி திறந்தால் விழிக்கிறதா. எதையும் ஒரு தடவை பார்த்து நிறுத்த மாட்டாள். தொழிற்சாலையில் பழக்கியபடி பத்துத் தடவை. என் மனைவிக்கு இது வேடிக்கை. “உங்க அக்கா கம்ப்யூட்டரைத் தூங்க வைக்கிறாங்க, எழுப்புறாங்க, மறுபடி தூங்க வைக்கிறாங்க. தொட்டில்தான் பாக்கி” என்பாள். நானும் ஒருநாள் கேலி செய்தேன்.

“சம்பளம் இல்லாம ஓ.டி. பாக்குறியேக்கா.”

“பெக்டரில சம்பளம் இருந்திச்சி, பேரு இல்ல. நான் கண்டுபிடிச்சது எல்லாம் லைன் நம்பர்லதான் போச்சு. இங்க யாரு கண்டுபிடிச்சாங்களோ அவங்க பேரு போடுறாங்க லா. ஒண்ணாச்சும் எனக்குன்னு இருக்கட்டுமே.”

அந்த ஒன்று லேசில் கிடைக்கவில்லை. அவள் பதினொரு பழுது எழுதி அனுப்பினாள். பதினொன்றும் வேறு யாரோ முன்பே சொன்னவை. ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லி, பழைய குறிப்போடு சேர்த்து மூடிவிட்டார்கள். அடையாள அட்டையில் இருக்கிறபடி அப்பா பெயரோடு தன் முழுப் பெயரையும் அவள் பதிந்திருந்தாள். பதில் எழுதிய ஒருவர் அவளை ஆண் என்றே நினைத்து எழுதியிருந்தார். அதைப் படித்து, “வெள்ளைக்காரன் என்னை ஆம்பளையாக்கிட்டான். இனிமே நீ என்னை அண்ணேன்னு கூப்புடு” என்று சிரித்தாள். அந்த வருடம் அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்க்கவில்லை.

பன்னிரண்டாவது பழுதுதான் அவளுடையது. மூடியை மூடித் திறந்தால் முதல் தடவை சரியாக விழிக்கும். இரண்டாவது தடவையும் விழிக்கும். மூன்றாவது தடவை திரை கறுப்பாகவே இருக்கும். உள்ளே விசிறி மட்டும் ஓடும். எந்தப் பொத்தானுக்கும் அசையாது. சாதாரண ஆள் ஒரு தடவை பார்த்து ஓகே என்று போயிருப்பான். பத்துத் தடவை பார்க்கிறவளுக்குத்தான் அது அகப்பட்டது. தேடிப் பார்த்தாள், யாரும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி அனுப்பினாள். அந்த வெளிநாட்டுக்காரர் பதில் போட்டார். தங்கள் கணினிகளில் இது வரவில்லையாம். அதே மாடல் வைத்திருக்கும் வேறொருவர் உறுதிப்படுத்த வேண்டும். அறுபது நாளில் யாரும் உறுதிப்படுத்தாவிட்டால் குறிப்பு தானாக மூடிக்கொள்ளும்.

அதே மாடல், அதே லாட், எங்களுக்குத் தெரிந்து இன்னொன்று பாயா ரும்புட்டில் என் வீட்டு அலமாரியின்மேல் இருந்தது.

“இன்னொரு பேருல நீயே எழுதிப் போட்டுரு. யாருக்குத் தெரியும்?” என்றேன்.

அக்கா முகம் மாறிவிட்டது. “அது என்னடா பேச்சு? பெக்டரில என்.ஜி. சாமான்ல கட்டுற டேக்ல ரெண்டு கையெழுத்து எதுக்கு? பாத்தவ ஒண்ணு, மறுபடி பாத்தவ ஒண்ணு. நான் பாத்ததுக்கு நானே ரெண்டாவது கையெழுத்துப் போட்டா நான் இத்தன வருசம் செஞ்சதே பொய். உன் மெஷின்ல நீ பாரு. நீ என்ன பாத்தியோ அத நீயே எழுது. இல்லன்னா இல்லைன்னு எழுது, நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கொடுத்த பென்டிரைவை வைத்து என் கணினியில் அந்தப் பதிப்பைப் போட்டேன். ஒரு தடவை, இரண்டு தடவை, விழித்தது. மூன்றாவது தடவை கறுப்பு. காதை வைத்துக் கேட்டேன், விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் உடனே சந்தோஷப்படவில்லை. முதலில் விசாரித்தாள். விசிறி சத்தம் எப்படி, பட்டன் லைட் எரியுதா, சார்ஜர் மாட்டியிருந்தியா. எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான், “அப்படின்னா இருக்கு தம்பி, நெசமாவே இருக்கு” என்றாள்.

அவள் குறிப்பின் கீழே எழுதுவதுதான் மிச்சம். பக்கத்தைத் திறந்தேன். மேலிருந்து கீழ்வரை ஆங்கிலம். அங்கே எழுதியவர்கள் எல்லாரும் படித்தவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. முதலில் ஒரு தாளில் நான்கு வரி எழுதிப் பார்த்தேன். மூடினேன் என்பதற்கு எந்தச் சொல்லை எப்படிப் போடுவது என்று சந்தேகம் வந்தது. திருத்தினேன், மறுபடி திருத்தினேன். உலகமே பார்க்கிற இடத்தில் என் ஆங்கிலத்தை வைப்பதா என்று கூச்சமாக இருந்தது. நாளைக்கு நிதானமாக எழுதலாம் என்று கணினியை மூடி வைத்தேன்.

சனிக்கிழமைகளில் அவளை டயாலிசிஸுக்குக் காடியில் ஏற்றி ஓட்டிக்கொண்டுபோய் விடுவது நான். அந்தச் சனிக்கிழமை ஏறியதும் கேட்டாள், “போட்டியா?” போட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அன்றைக்கே போடப் போகிறேன், அதனால் பொய்யில்லை என்று அப்போது தோன்றியது. அன்றைக்கும் போடவில்லை.

அவள் தினமும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பவள். என் பெயர் அங்கே இல்லை என்பது அன்று மாலையே அவளுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த சனிக்கிழமை, “உன்னது இன்னும் ஏறல போல. லைன் ஸ்லோவா இருக்கும்” என்றாள். “இருக்கும்க்கா” என்றேன். அதற்கடுத்த வாரம், “அவனுங்க செக் பண்ணிட்டுத்தான் காட்டுவானுங்க போல” என்றாள். எனக்காக வாரம் ஒரு காரணத்தை அவளே யோசித்துக் கொண்டுவந்தாள். நான் தலையாட்டினேன். கடுகளவு பழுதையும் கண்டுபிடிக்கிறவள் என் முகத்தில் இருந்ததைப் பார்க்காமல் இருந்திருப்பாளா? ஒருதடவை மட்டும் சற்று நெருங்கி வந்தாள். செங் சந்திப்பில் சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம். “இங்கிலீஷ் தப்பா இருந்தா பரவால்ல தம்பி. என்னோடது மட்டும் என்னா சரியாவா இருக்கு? அந்தாளு புரிஞ்சிக்கிட்டாரு லா” என்றாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். விளக்கு இன்னும் பச்சையாகவில்லை. முன்னால் நின்ற லாரியைத் திட்டி நான் பேச்சை மாற்றினேன். ஆறாவது சனிக்கிழமை அவள் எதுவும் கேட்கவில்லை. வழியெல்லாம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

அதற்கடுத்து வந்த வியாழக்கிழமை டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் இதயம் நின்றுவிட்டது. நான் கிடங்கில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். குறிப்பு மூடும் நாளுக்கு அன்றைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதையும் பின்னால்தான் எண்ணிப் பார்த்தேன். காரியங்களை எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். எல்லாரும் அக்காவை நன்றாகப் பார்த்துக்கொண்ட தம்பி என்றார்கள். சனிக்கிழமை தவறாமல் கொண்டுபோய் விட்டான் என்று சொல்லி என் தோளைத் தொட்டார்கள். நான் குனிந்தே நின்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் வீட்டைச் சுத்தம் செய்தபோது அந்த நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். கடைசிப் பக்கங்களில் டயாலிசிஸ் இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. ஓகே, ஓகே, என்.ஜி. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு கட்டம் போட்டிருந்தாள். மறுபடி பார்த்தவர் கையெழுத்து போடுகிற கட்டம். முதல் வரியின் கட்டத்தில் பென்சிலால் தம்பி என்று எழுதி, அழித்திருந்தாள். மற்ற கட்டங்கள் வெறுமையாக இருந்தன. கடைசி வரி புதன்கிழமையுடையது.

வீட்டுக்கு வந்து சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்தேன். அப்போது கிடைத்த பதிப்பை இறக்கி என் கணினியில் போட்டேன். மூன்று தடவை மூடித் திறந்தேன். கறுப்பு. கைத்தொலைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை; படித்தால் மறுபடி பயம் வந்துவிடும். நேராகக் கீழே போய் நான்கு வரி எழுதினேன். அதே மாடல் என்னிடமும் இருக்கிறது. மூன்றாவது தடவை விழிக்கவில்லை. விசிறி ஓடுகிறது. இதைக் கண்டுபிடித்தவர் சொன்னது சரி. ஆங்கிலத்தைத் திருத்தவில்லை. எழுதி அனுப்ப ஆறு நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலையில் பதில் வந்தது. அந்தக் குறிப்பு காலக்கெடு முடிந்து ஒரு வாரத்துக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது, மூடியதைத் திறப்பதில்லை, பழுது இன்னும் இருந்தால் என் பெயரில் புதிதாகப் பதியலாம் என்று எழுதியிருந்தார்கள். நான் பதியவில்லை. மதியம் இரண்டாவது ஷிப்டுக்குப் போனேன்.