எப்படியோ பாஸ்

உளவியல் வகுப்பில் தற்காப்பு உத்திகள் என்ற பாடம் வந்துவிட்டால் என் மாணவர்களுக்குக் குஷி. கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பதினொரு வருடமாக அதை நடத்துகிறேன். தாங்க முடியாத ஒன்று எதிரே வந்து நிற்கும்போது மனசு நமக்கே தெரியாமல் நம்மை ஏமாற்றிக் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான் பாடம். புத்தகத்தில் இருக்கும் உதாரணங்கள் சவசவ என்று இருக்கும். அதனால் என் வீட்டு ஆட்களையே கொண்டுவந்து நிறுத்துவேன்.

கோபத்தை ஆள் மாற்றிக் காட்டுகிற இடமாற்றத்துக்கு அப்பா. மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மேலதிகாரி திட்டிய நாளில் வீட்டுக்கு வந்து, ரசத்தில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுவார். மறுத்தலுக்கு அம்மா. முட்டி தேய்ந்து கொழுந்து பறிக்கப் போவதையே நிறுத்திவிட்டவள், யார் கேட்டாலும் காலுக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்பாள். வகுப்பு சிரிக்கும். காரணம் கற்பித்தலுக்கு என் தங்கை. மேலே படிக்க முடியாமல் போனவள், தனக்குப் படிப்பு ஏறாது என்று ஒரு காரணத்தை நம்பிக்கொண்டு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறாள் பாருங்கள் என்பேன். கூடப் பிறந்தவளைப் பாடமாக்கிச் சம்பளம் வாங்கியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது என்மேலேயே எரிச்சலாக வருகிறது. இந்த வருடம் அவளை விட்டுவிட்டேன்.

எஸ்டேட்டில் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில் நாங்கள் இருந்த வீடு கம்பெனியுடையது. அப்பா ரிட்டயர் ஆனதும் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் வீட்டில் ஒருத்தர் எஸ்டேட்டில் பேர் பதிந்து வேலைக்குப் போக வேண்டும். மூன்று தலைமுறையாக அங்கேயே கிடக்கிறோம், திரும்பிப் போக எங்களுக்கு வேறு ஊர் கிடையாது. அப்பா ரிட்டயர் ஆன மாதம் எனக்குப் பாலக்காட்டில் எம்.ஏ. படிக்க இடம் கிடைத்திருந்தது. தங்கை பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தாள்.

யாரும் அவளை வேலைக்குப் போகச் சொல்லவில்லை. என்னையும் யாரும் சொல்லவில்லை. இரண்டு வாரம் வீட்டில் எல்லோரும் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ரிசல்ட் வந்த அன்று அவள் மூணாறு போய் இன்டர்நெட் கடையில் பார்த்துவிட்டு வந்தாள்.

"எப்படியோ பாஸ். எனக்கெல்லாம் படிப்பு ஏறாது. நான் பேர் பதிஞ்சுக்கிறேன்" என்றாள்.

அப்பா உடனே தலையாட்டினார். புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி விடுவாளே என்று அம்மா எடுத்துக்கொடுத்தாள். நான் பெட்டியைக் கட்டினேன். மார்க்கு எவ்வளவு என்று எங்கள் மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு மனுஷனுடைய ஆளுமை முதல் ஐந்தாறு வயதுக்குள்ளேயே உருவாகிவிடுகிறது என்கிறது நான் நடத்துகிற கொள்கை. அதை எழுதியவர்கள் எங்கள் லயத்துக்கு வந்ததில்லை. என் தங்கையின் ஆளுமை பதினெட்டாவது வயதில், ஒரு திங்கட்கிழமை காலையில், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஆள் எண்ணுகிற மஸ்டரில் போய் நின்றபோது உருவானது. பிறகு ஜீப் ஓட்டுகிற ஒருவரைக் கட்டினாள். அவள் வீட்டை விட்டுப் போனால் வீடு போய்விடும் என்பதால் மாப்பிள்ளைதான் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா அந்த வீட்டிலேயே கண்ணை மூடினார். சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் அம்மா கொட்டாவிக் கதையைச் சொல்வாள். முதலில் சிரிப்பது தங்கையாகத்தான் இருக்கும்.

போன கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது, மூணாறு பஸ் ஸ்டாண்டில் எங்கள் பழைய டீச்சரைப் பார்த்தேன். தங்கையை விசாரித்தார். அந்த வருடம் பள்ளிக்கூடத்திலேயே அவள்தான் முதல் என்றார். மார்க் லிஸ்ட்டை வாங்கிப் போக யாருமே வரவில்லை, ஆபீஸ் அலமாரியில் வருடக்கணக்காகக் கிடந்தது, அப்புறம் எங்கே போனதோ தெரியாது என்றார்.

படிக்காத அண்ணனாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். நான் படித்தவன். நனவிலியில் புதைத்ததை வெளியே கொண்டுவந்தால் ஆள் விடுதலையாகிவிடுவான் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவன். அங்கேயே ஒரு கடையில் தொலைதூரக் கல்வி விண்ணப்பம் ஒன்றை அச்செடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தங்கை வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து விரல்களில் ஏறிய கொழுந்துக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு டீச்சர் சொன்னதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீ உன்னையே ஏமாற்றிக்கொண்டு வாழ்கிறாய், உண்மை தாங்க முடியாததால் மனசு இப்படி ஒரு காரணத்தைக் கட்டிவைத்திருக்கிறது என்று விளக்கவே ஆரம்பித்துவிட்டேன். அது என் வகுப்புக் குரல் என்று எனக்கே கேட்டது.

அவள் குழாயை மூடினாள்.

"நான் எப்பண்ணே அத நம்புனேன்? மார்க்கப் பாத்தவ நான்தானே. நீ நம்பணும்னு சொன்னேன். இல்லாட்டி நீ போயிருப்பியா?"

போயிருப்பேன். கொஞ்சம் அழுதுவிட்டுப் போயிருப்பேன்.

"நீயாவது உறுத்தல் இல்லாம இருக்கன்னு நெனச்சுக்கிட்டுத்தான் பதினேழு வருசமா மலை ஏறுனேன். இப்ப அதுவும் போச்சு" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இத்தனை வருடமாக அந்தப் பாடத்தின் உதாரணம் நான்தான். அது தெரிந்தும் செய்வதற்கு எதுவும் இல்லை. அவள் ரிட்டயர் ஆக இன்னும் இருபத்து மூன்று வருடம் இருக்கிறது. அன்றைக்கும் வீடு கம்பெனியுடையதாகத்தான் இருக்கும்.

மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அம்மா வழக்கம்போல எங்கள் இருவரின் படிப்பைப் பற்றி ஆரம்பித்து, கொட்டாவி வரைக்கும் வந்தாள். தங்கை சிரிக்கவில்லை. எழுந்து பாத்திரம் விளக்கப் போனாள். அம்மா பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கதையை யாரும் சொல்வதில்லை.

திங்கட்கிழமை நான் எழுந்தபோது தங்கை வேலைக்குப் போய்விட்டிருந்தாள். கொல்லங்கோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தூறல் விழ, குடைக்காகப் பையைத் துழாவினேன். விண்ணப்பம் கைக்கு வந்தது. நான்காக மடித்து அடியில் வைத்திருந்தாள். பெயர் எழுதவில்லை, விலாசம் எழுதவில்லை, கையெழுத்தும் இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்களுக்கான கட்டத்தில் மட்டும், ஒவ்வொரு பாடத்துக்கும் நேராக மார்க்கை எழுதி, கடைசியில் மொத்தமும் போட்டிருந்தாள். அந்த மார்க் லிஸ்ட் அவள் கைக்கு வந்ததே இல்லை, அன்றைக்கு இன்டர்நெட் கடையில் ஒரு தடவை பார்த்ததுதான். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது.