சிவப்புக் கல்லில் ஒரு விரிசல்

போன ஞாயிற்றுக்கிழமை பரணைச் சுத்தம் செய்தபோது பழைய பிஸ்கட் டின் ஒன்று இறங்கியது. செம கனம்! திறந்தால்... கற்கள்.

கல்யாணமான புதிதில் எனக்குத் தொப்பம்பட்டியில் வேலை. லீவு நாளில் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஏதாவது காய்ந்த ஓடைக்குப் போவோம். என் மனைவி மல்லிகா குனிந்து குனிந்து கல் பொறுக்குவாள். நான் டயரில் காற்று இறங்கிவிடுமோ என்று கவலைப்படுவேன்.

"நாலு கல்லையாச்சும் பட்டை தீட்டிக் குடும்மா, டாலர் செஞ்சுக்கிறேன்" என்றாள் டின்னைக் கிளறிக்கொண்டிருந்த மகள்.

திண்டுக்கல்லில் கல் பட்டை தீட்டும் பாய் ஒருவரிடம் டின்னோடு போனோம். ஒவ்வொன்றாகத் தண்ணீரில் நனைத்தார். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இது சும்மா ரோட்டுக் கல்லு... இது உதிர்ந்து போயிரும்... ம், இது தேறும்."

அத்தனையிலும் தேறியது மூன்றுதான்.

கடைசியில் மல்லிகா கைப்பையிலிருந்து தனியாக ஒன்றை எடுத்தாள். சிவப்புக் கல். பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

எங்கள் முதல் குழந்தை உயிரில்லாமல்தான் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மல்லிகா அழவும் இல்லை, பேசவும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஒருநாள் ஓடைக்குக் கூட்டிப்போனேன். இந்தக் கல்லை எடுத்து, "இங்க பாருங்களேன், எம்புட்டுச் சிவப்பு!" என்றாள். அப்பாடா, சரியாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆண்களுக்கு எவ்வளவு சீக்கிரம் நிம்மதி வந்துவிடுகிறது, இல்லையா?

பாய் டார்ச்சை அணைத்தார். "உள்ள விரிசல் ஓடுதும்மா. சக்கரத்துல வச்சா ரெண்டாப் போயிரும். இப்படியே வச்சுக்கங்க."

"விடு மல்லிகா" என்றேன் நானும்.

"உடைஞ்சா உடையட்டும் பாய். இம்புட்டு வருசம் பொத்திப் பொத்தி வச்சாச்சு... போடுங்க."

போட்டார். செத்த நேரத்தில் டக்கென்று ஒரு சத்தம். பெரிய பாதி நொறுங்கிவிட்டது. மிச்சம் புளியங்கொட்டை அளவு. அதைத் தேய்த்து, துணியால் துடைத்து, அவள் உள்ளங்கையில் வைத்தார். மாதுளை முத்து மாதிரி மின்னியது.

மல்லிகா அழ ஆரம்பித்தாள். பாய் பதறிப்போனார். "நான் மொதல்லயே சொன்னேனேம்மா..."

"கல்லுக்கு அழுகல பாய்."

எது தேறும், எது தேறாது என்று சொல்ல அந்த மனிதருக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது. பக்கத்திலேயே இருப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது!

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "புள்ளைக்கிப் பேரு ஏதும் நினைச்சு வச்சிருந்தியா?"

ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெல்லச் சொன்னாள்.

வீட்டில் நடப்பதையெல்லாம் உங்களிடம் ஒப்பிக்கிறவன்தான் நான். அந்தப் பெயர் மட்டும் எங்களோடு இருக்கட்டுமே.